பயோஸ் எமுலேற்றரில் நினைவக முகாமைச் சேவைகள்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)
மேலதிக விளக்கப் பாடம்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் உங்களால்

• பயோஸ் செய்யும் வேலையையும் பணிசெயல் முறைமை செய்யும் வேலையையும் வேறுபடுத்திக் கூற,
• 640 கிலோபைற்று, 1 மெகாபைற்று என்னும் எல்லைகள் ஏன் தோன்றின என விளக்க,
• எமுலேற்றர் ஒன்று நினைவகம் பற்றிய கேள்விகளுக்கு எவ்வாறு விடையளிக்கிறது என எடுத்துக்காட்ட,
• நினைவக வரைபடம் ஒன்றை வாசித்துக் கணக்கிட

முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

மாணவர்களே, பரீட்சை மண்டபம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் 40 மேசைகள் உள்ளன. காலையில் மண்டபத்தைத் திறந்துவிடும் பாடசாலைச் சிற்றூழியர், பரீட்சை மேற்பார்வையாளரிடம் "முதல் 36 மேசைகளும் நல்லவை. 37, 38 ஆம் மேசைகளில் வினாத்தாள் பொதிகள் உள்ளன. 39, 40 உடைந்தவை" என்று கூறுகிறார். எந்தச் சுட்டெண்ணுக்கு எந்த மேசை என்பதைத் தீர்மானிப்பவர் சிற்றூழியர் அல்லர்; மேற்பார்வையாளரே. ஆனால் சிற்றூழியர் சொன்ன தகவல் பிழையானால் மேற்பார்வையாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தும் பயனில்லை. ஒரு பிள்ளை உடைந்த மேசையில் அமர நேரிடும்.

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. சிற்றூழியரின் இடத்தில் இருப்பது பயோஸ். மேற்பார்வையாளரின் இடத்தில் இருப்பது பணிசெயல் முறைமை. "நினைவகத்தை முகாமை செய்வது எது?" என்னும் வினாவுக்குப் பயோஸ் என விடையெழுதிப் புள்ளியை இழப்போர் உண்டு. சரியான விடை பணிசெயல் முறைமை என்பதாகும். பயோஸ் நினைவகத்தைப் பங்கிடுவதில்லை. எவ்வளவு உண்டு, எது பயன்படுத்தத்தக்கது என அறிவிக்கிறது. சில சிறிய உதவிகளையும் செய்கிறது. இந்த அறிவித்தல்களும் உதவிகளுமே இங்கு நினைவகச் சேவைகள் எனப்படுகின்றன.

2. எமுலேற்றர் என்றால் என்ன?

ஒரு கணினியின் வன்பொருள் நடந்துகொள்ளும் விதத்தை மென்பொருளால் அப்படியே செய்துகாட்டும் செய்நிரல் எமுலேற்றர் ஆகும். 2002 இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் பழைய டொஸ் விளையாட்டுகளையும் செய்நிரல்களையும் இயக்க உதவுகிறது. 2003 இல் பப்ரிஸ் பெலார்ட் வெளியிட்ட கியூஎமு முழுக் கணினி ஒன்றையே மென்பொருளால் உருவாக்குகிறது. இவ்வாறு உருவாகும் கணினியை மெய்நிகர் கணினி என்போம்.

மெய்நிகர் கணினிக்கு 128 மெகாபைற்று நினைவகம் கொடுத்தோம் என்க. எமுலேற்றர் உண்மைக் கணினியின் பணிசெயல் முறைமையிடம் 128 மெகாபைற்று இடத்தைக் கேட்டுப் பெறுகிறது. அந்த இடத்தின் தொடக்கமே மெய்நிகர் கணினியின் முகவரி 0 ஆகும். உள்ளே இயங்கும் பணிசெயல் முறைமைக்கு இது தெரியாது. தனக்கு உண்மையான நினைவகச் சில்லுகள் கிடைத்துள்ளன என்றே அது கருதிச் செயற்படும். அது கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பயோஸ் எவ்வாறு விடையளிக்குமோ அவ்வாறே எமுலேற்றரும் விடையளிக்க வேண்டும்.

கவனிக்க: இன்று விற்பனையாகும் புதிய கணினிகளில் பழைய பயோஸின் இடத்தை யூஈஎஃப்ஐ என்னும் நிலைபொருள் பிடித்துள்ளது. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 அதனையே வேண்டுகிறது. எனினும் பழைய செய்நிரல்களை இயக்கும் எமுலேற்றர்களில் பயோஸ் சேவைகள் தொடர்ந்து பயன்படுகின்றன.

3. எல்லைகள் தோன்றிய வரலாறு

1981 இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இன்டெல் 8088 செயலி இருந்தது. அதற்கு 20 முகவரி வழிகள். ஒவ்வொரு வழியும் 0 அல்லது 1 என்னும் ஒரு பிற்றைக் காவுவதால்,

முகவரிகளின் எண்ணிக்கை = 2 இன் 20 ஆம் வலு = 1,048,576
அதாவது 1,024 கிலோபைற்று = 1 மெகாபைற்று

இந்த 1 மெகாபைற்றில் முதல் 640 கிலோபைற்று செய்நிரல்களுக்கு விடப்பட்டது. எஞ்சிய 384 கிலோபைற்று திரை நினைவகத்துக்கும் வாசிப்பு மாத்திர நினைவகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. செய்நிரல்களுக்கு விடப்பட்ட கீழ்ப்பகுதி மரபு நினைவகம் எனப்படும்.

பின்னர் வந்த செயலிகளின் நிலை வருமாறு:

| செயலி | ஆண்டு | முகவரி வழிகள் | அடையக்கூடிய நினைவகம் |
|---|---|---|---|
| 8088 | 1979 | 20 | 1 மெகாபைற்று |
| 80286 | 1982 | 24 | 16 மெகாபைற்று |
| 80386 | 1985 | 32 | 4 கிகாபைற்று |

1 மெகாபைற்றுக்கு மேலே உள்ளது நீட்டிய நினைவகம் எனப்படும். செயலி வளர வளரப் பழைய கேள்விக்கான விடையும் போதாமற் போயிற்று. ஆகவே புதிய சேவைகள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. பழையவை நீக்கப்படவில்லை, பழைய செய்நிரல்கள் அவற்றையே நம்பியிருந்தன.

4. செய்நிரல் பயோஸை அழைப்பது எவ்வாறு?

செய்நிரல் ஒன்று பயோஸின் உதவியை இடைமறிப்பு மூலம் கேட்கிறது. முதலில் வேண்டிய சேவையின் இலக்கத்தைச் செயலியின் பதிவகம் ஒன்றில் இடும். பின்னர் இடைமறிப்பு அறிவுறுத்தலை நிறைவேற்றும். விடை பதிவகத்தில் திரும்பி வரும்.

இடைமறிப்பு இலக்கங்களும் சேவை இலக்கங்களும் பதினறும எண்களாகவே எழுதப்படுகின்றன. எனவே இடைமறிப்பு 12 என்பது தசமத்தில் 18 ஆகும்.

1 × 16 + 2 = 18

நினைவகத்தின் தொடக்கத்தில், முகவரி 0 இலிருந்து, இடைமறிப்பு அட்டவணை உள்ளது. ஒவ்வொரு இடைமறிப்புக்கும் 4 பைற்றுகள். அந்த 4 பைற்றுகளில், எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். 256 இடைமறிப்புகள் உள்ளதால் அட்டவணையின் அளவு 256 × 4 = 1,024 பைற்று, அதாவது 1 கிலோபைற்று. இடைமறிப்பு 12 இற்குரிய இடம் 18 × 4 = 72 ஆம் முகவரி.

எமுலேற்றர் அழைப்பைக் கையாளும் வழிகள் இரண்டு.

(அ) பயோஸ் செய்நிரல் ஒன்றை மெய்நிகர் நினைவகத்தில் ஏற்றி, மெய்நிகர் செயலியைக் கொண்டே அதனை இயக்குதல். கியூஎமு இவ்வாறு சீபயோஸ் என்னும் திறந்த மூல பயோஸைப் பயன்படுத்துகிறது.

(ஆ) அட்டவணை காட்டும் இடத்தில், உண்மைச் செயலியில் இல்லாத சிறப்பு அறிவுறுத்தல் ஒன்றை வைத்தல். மெய்நிகர் செயலி அதனைச் சந்தித்தவுடன் எமுலேற்றர் வேலையைத் தன் கையில் எடுத்து, விடையைப் பதிவகத்தில் இட்டுத் திருப்பி அனுப்பும். டொஸ்பொக்ஸ் இம்முறையைக் கையாள்கிறது.

வழி எதுவாயினும் கேட்கும் செய்நிரலுக்குக் கிடைக்கும் விடையின் வடிவம் ஒன்றே.

5. முக்கிய சேவைகள்

5.1 இடைமறிப்பு 12 – மரபு நினைவகத்தின் அளவு

இது மிக எளிய சேவை. விடை கிலோபைற்றில் ஏஎக்ஸ் பதிவகத்தில் கிடைக்கும். இந்த எண்ணைப் பயோஸ் தனது தரவுப் பகுதியில், பதினறும முகவரி 413 இலிருந்து தொடங்கும் 2 பைற்றுகளில் வைத்திருக்கும். சேவை அழைக்கப்படும்போது அதனை வாசித்துக் கொடுக்கும்.

விடை 640 என்றால் அதன் பதினறும வடிவம் 0280 ஆகும்.

2 × 256 + 8 × 16 + 0 = 512 + 128 = 640

இன்டெல் செயலிகள் குறைந்த பெறுமானமுள்ள பைற்றை முதலில் வைப்பதால் நினைவகத்தில் 80, 02 என்னும் வரிசையில் இருக்கும்.

சில வேளைகளில் விடை 640 ஆக இராமல் 639 ஆக இருக்கும். 1 கிலோபைற்று எங்கே போயிற்று? பயோஸ் தனது மேலதிகத் தரவை வைப்பதற்காக மரபு நினைவகத்தின் மேல் முனையில் 1 கிலோபைற்றை எடுத்துக்கொண்டுள்ளது. அதனைத் தான் எடுத்ததை மறைக்காமல் விடையிலும் குறைத்துக் கூறுகிறது. இங்கு எமுலேற்றர் தவறி 640 எனக் கூறினால், டொஸ் அந்த 1 கிலோபைற்றையும் ஒரு செய்நிரலுக்குக் கொடுத்துவிடும். செய்நிரல் அங்கே எழுத, பயோஸின் தரவு அழியும். கணினி உடனே நிற்காமலும் போகலாம். சற்று நேரம் கழித்து, தொடர்பில்லாத இடத்தில் பிழை தோன்றும். காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

5.2 இடைமறிப்பு 15, சேவை 88 – நீட்டிய நினைவகத்தின் அளவு

1 மெகாபைற்றுக்கு மேலே எத்தனை கிலோபைற்று உண்டு என இது கூறும். இதன் விடையும் 16 பிற்றுப் பதிவகத்திலேயே வருகிறது. ஆகவே கூறக்கூடிய மிகப் பெரிய எண்,

2 இன் 16 ஆம் வலு – 1 = 65,535 கிலோபைற்று

இது 64 மெகாபைற்றிலும் 1 கிலோபைற்றுக் குறைவு. 128 மெகாபைற்று நினைவகமுள்ள கணினியின் உண்மை அளவை இச்சேவையால் கூற இயலாது. பயோஸ் விரும்பினாலும் பதிவகத்தில் இடமில்லை.

5.3 இடைமறிப்பு 15, சேவை 87 – தொகுதி நகர்த்தல்

8088 இன் முறையில் இயங்கும் செய்நிரல் 1 மெகாபைற்றுக்கு மேலே தரவைக் கொண்டு செல்ல விரும்பினால் அதனால் தானாக இயலாது. இச்சேவை செயலியைச் சற்று நேரம் காப்பு முறைக்கு மாற்றி, தரவை நகலெடுத்து, மீண்டும் பழைய முறைக்குக் கொண்டுவரும். ஒரு தடவையில் ஆகக் கூடியது 32,768 சொற்களை நகர்த்தலாம். ஒரு சொல் 2 பைற்று. எனவே ஆகக் கூடிய அளவு 65,536 பைற்று, அதாவது 64 கிலோபைற்று.

5.4 இடைமறிப்பு 15, சேவைகள் 2400, 2401 – இருபத்தோராவது வழி

8088 இல் முகவரி காணும் விதி: துண்டு எண் × 16 + பெயர்ச்சி எண். துண்டு எண் 65,535, பெயர்ச்சி எண் 16 எனின்,

65,535 × 16 + 16 = 1,048,576

இதனைத் துவித எண்ணாக எழுதினால் 1 இன் பின் இருபது 0 வரும். மொத்தம் 21 பிற்றுகள். 8088 இல் 20 வழிகளே இருந்ததால் முன்னாலுள்ள 1 விடுபட்டு முகவரி 0 ஆகிவிடும். சில பழைய செய்நிரல்கள் இந்தச் சுற்றிவருதலையே நம்பி எழுதப்பட்டன. 80286 இல் 21 ஆவது வழி இருந்ததால் அவை பிழைத்துப்போயின. ஆகவே 1984 இல் வெளிவந்த ஐபிஎம் ஏரி கணினியில் அந்த வழியைத் திறக்கவும் மூடவும் கூடிய வாயில் ஒன்று அமைக்கப்பட்டது. வழிகளின் எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்குவதால் அதன் பெயர் ஏ20 வாயில்.

சேவை 2401 வாயிலைத் திறக்கும், 2400 மூடும். எமுலேற்றரும் இந்த வாயிலைச் செய்துகாட்ட வேண்டும். மூடியிருக்கும்போது 1 மெகாபைற்றுக்கு எழுதியது முகவரி 0 இற்குச் செல்லவேண்டும், திறந்திருக்கும்போது செல்லக்கூடாது. முகவரி 0 இல் இருப்பது இடைமறிப்பு அட்டவணை என்பதை நினைவிற் கொள்க. வாயில் பிழைத்தால் அட்டவணையே அழிய நேரிடும்.

5.5 இடைமறிப்பு 15, சேவை ஈ820 – நினைவக வரைபடம்

மேற்கூறிய முதல் இரு சேவைகளும் "எவ்வளவு?" என்னும் கேள்விக்கு மாத்திரம் விடை கூறின. ஈ820 "எங்கே? எவ்வளவு? எத்தகையது?" என்னும் மூன்றுக்கும் விடை கூறுகிறது. ஈ என்பது பதினறும முறையில் 14 ஐக் குறிக்கும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவு கிடைக்கும். பதிவின் அமைப்பு:

தொடக்க முகவரி – 8 பைற்று
நீளம் – 8 பைற்று
வகை – 4 பைற்று
மொத்தம் – 20 பைற்று

வகை 1 பயன்படுத்தத்தக்கது. வகை 2 ஒதுக்கப்பட்டது. வேறு வகைகளும் உண்டு.

அழைக்கும் செய்நிரல் எஸ், எம், ஏ, பீ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒரு பதிவகத்தில் அடையாளமாகக் கொடுக்க வேண்டும். அவற்றின் ஆஸ்கிக் குறிகள் முறையே 83, 77, 65, 80. சேவையை அறிந்த பயோஸ் அதே அடையாளத்தைத் திருப்பித் தரும். முதல் அழைப்பில் ஈபிஎக்ஸ் பதிவகத்தில் 0 இட வேண்டும். திரும்பி வரும் எண்ணை மாற்றாமல் அடுத்த அழைப்பில் கொடுக்க வேண்டும். மீண்டும் 0 வந்தால் வரைபடம் முடிந்தது எனக் கொள்க.

6. செய்து பார்த்த உதாரணம்

128 மெகாபைற்று கொடுக்கப்பட்ட கியூஎமு மெய்நிகர் கணினி ஒன்றில் சேவை ஈ820 கொடுத்த வரைபடம் கீழே கிலோபைற்றில் தரப்பட்டுள்ளது.

| பதிவு | தொடக்கம் | முடிவு | வகை |
|---|---|---|---|
| 1 | 0 | 639 | 1 |
| 2 | 639 | 640 | 2 |
| 3 | 960 | 1,024 | 2 |
| 4 | 1,024 | 130,944 | 1 |
| 5 | 130,944 | 131,072 | 2 |
| 6 | 4,194,048 | 4,194,304 | 2 |

வினா: பயன்படுத்தத்தக்க நினைவகம் எவ்வளவு? கொடுத்த 128 மெகாபைற்றிலிருந்து எவ்வளவு குறைந்துள்ளது?

படி 1: வகை 1 ஆன பதிவுகளை மாத்திரம் எடுக்க.
பதிவு 1 = 639 – 0 = 639
பதிவு 4 = 130,944 – 1,024 = 129,920

படி 2: கூட்டுக.
639 + 129,920 = 130,559 கிலோபைற்று

படி 3: 128 × 1,024 = 131,072
131,072 – 130,559 = 513 கிலோபைற்று

படி 4: 513 ஐச் சரிபார்க்க.
பயோஸின் மேலதிகத் தரவு (பதிவு 2) = 1
640 முதல் 1,024 வரை = 384
மேல் முனையில் ஒதுக்கப்பட்டது (பதிவு 5) = 128
மொத்தம் = 513

இரண்டு விடயங்களை அவதானிக்க. முதலாவது, 640 முதல் 960 வரையுள்ள பகுதி அட்டவணையில் இல்லை. சொல்லப்படாத பகுதியைப் பயன்படுத்தக்கூடாது என்பதே விதி. திரை நினைவகம் அங்கேதான் உள்ளது. வர்ண எழுத்துத் திரையின் நினைவகம் 736 கிலோபைற்றில் தொடங்குகிறது. இரண்டாவது, பதிவு 6 கொடுக்கப்பட்ட நினைவகத்துக்கு வெகு அப்பால், 4 கிகாபைற்றின் இறுதி 256 கிலோபைற்றில் உள்ளது. அது பயோஸ் செய்நிரலின் இடம். 80386 உம் அதன் பின்வந்த இன்டெல் செயலிகளும் மின் வந்தவுடன் 4 கிகாபைற்றுக்கு 16 பைற்று கீழேயுள்ள அறிவுறுத்தலிலிருந்து இயங்கத் தொடங்குகின்றன. எனவே அங்கே பயோஸ் இருந்தேயாக வேண்டும்.

எமுலேற்றர் பதிவு 5 ஐத் தவறுதலாக வகை 1 எனக் கூறியிருந்தால் என்ன நிகழும்? பணிசெயல் முறைமை மகிழ்ச்சியுடன் 128 கிலோபைற்றையும் எடுத்துக்கொள்ளும். அங்கே நிலைபொருள் வைத்த அட்டவணைகள் மேலெழுதப்படும். இல்லாத நினைவகத்தை உண்டு எனக் கூறினால் நிலை இன்னும் மோசம். எழுதியது நிலைக்காது, வாசித்தால் பொருளற்ற பெறுமானம் கிடைக்கும். மாணவர் ஒருவர் அந்த மெய்நிகர் கணினியில் தட்டச்சுச் செய்த ஒப்படை அப்பகுதியில் இருந்திருந்தால் அது சேமிக்கப்படும் முன்னரே கெட்டுவிடும். அவர் செய்த பிழை எதுவுமில்லை. பிழை, கணினி தொடங்கும்போது சொல்லப்பட்ட ஓர் எண்ணில் இருக்கிறது.

7. நினைவிற் கொள்க

• பயோஸ் நினைவகத்தை அறிவிக்கும். பணிசெயல் முறைமை பங்கிடும்.
• பயோஸ் ஒரு நிலைபொருள். அது மின் துண்டிக்கப்பட்டாலும் அழியாத நினைவகத்தில் வைக்கப்படும்.
• இடைமறிப்பு 12: மரபு நினைவகம். இடைமறிப்பு 15: சேவை 88 அளவு, 87 நகர்த்தல், 2400 மற்றும் 2401 ஏ20 வாயில், ஈ820 வரைபடம்.
• ஒரு சேவையின் விடைக்கு எல்லை விதிப்பது பதிவகத்தின் பிற்று எண்ணிக்கை.
• எமுலேற்றர் தான் எடுத்துக்கொண்ட இடத்தைக் கழித்தே விடை கூற வேண்டும். உள்ளே இயங்கும் பணிசெயல் முறைமை அந்த விடையை நம்பியே தன் வேலையைத் தொடங்குகிறது.

8. பயிற்சி

1. இடைமறிப்பு 15 இற்குரிய அட்டவணை இடத்தின் தசம முகவரி யாது?
2. பதினறும எண் 413 ஐத் தசமத்துக்கு மாற்றுக.
3. சேவை 87 ஐக் கொண்டு 256 கிலோபைற்றை நகர்த்த ஆகக் குறைந்தது எத்தனை தடவை அழைக்க வேண்டும்?
4. 24 முகவரி வழிகளால் 16 மெகாபைற்றை அடையலாம் எனக் காட்டுக.
5. ஆறு பதிவுகள் கொண்ட ஈ820 வரைபடத்தைச் சேமிக்க எத்தனை பைற்று வேண்டும்?
6. "நினைவக முகாமை பயோஸின் தொழிலாகும்." இக்கூற்றை இரண்டு வசனங்களில் திருத்துக.

விடைகள்

1. 15 (பதினறுமம்) = 21; 21 × 4 = 84.
2. 4 × 256 + 1 × 16 + 3 = 1,043.
3. 256 ÷ 64 = 4 தடவை.
4. 2 இன் 24 ஆம் வலு = 16,777,216 பைற்று; 16,777,216 ÷ 1,048,576 = 16 மெகாபைற்று.
5. 6 × 20 = 120 பைற்று.
6. நினைவகத்தின் அளவையும் பயன்படுத்தத்தக்க பகுதிகளையும் அறிவிப்பது பயோஸின் தொழிலாகும். அப்பகுதிகளைச் செய்நிரல்களுக்குப் பங்கிட்டு மீளப் பெறுவது பணிசெயல் முறைமையின் தொழிலாகும்.

ஆறாம் வினாவுக்கு உங்கள் சொந்த வசனத்தில் விடையெழுதிப் பாருங்கள். அறிவித்தல், பங்கிடுதல் என்னும் இரு சொற்களும் உரிய இடத்தில் அமைந்திருந்தால் இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது எனக் கொள்ளலாம். அமையாவிடின் பகுதி 1 இலுள்ள பரீட்சை மண்டப உதாரணத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்க.